அண்ணன் தங்கை ஆட்டமும் டிஸ்டன்ட் சிக்னலும்

ரிலேயும் சிக்னல் கம்பியுமாகவே 38 ஆண்டுகளைக் கழித்தவன் வீடியோ கேம் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சங்க நண்பர்கள் சிரிக்கக்கூடும். இரண்டு மாதம் முன்பு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் 2024 கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று என்னை மாணவனாக்கிவிட்டது. பேரன் பேத்திகள் உள்ள வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் நான் கற்ற பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

என் மகள் தன் இரு பிள்ளைகளையும் விடுமுறைக்குக் கல்யாணில் எங்களிடம் விட்டுச் சென்றாள். பேரனுக்கு 15 வயது, பேத்திக்கு 11. துணிப்பையோடு ஒரு கேம் பெட்டியும் இரண்டு கன்ட்ரோலர்களும் வந்தன. கூடத்து டி.வி.யில் அதைப் பொருத்தி, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டத்தை இருவரும் ஆடத் தொடங்கினார்கள். முதல் மூன்று நாள் வீடு முழுக்கச் சிரிப்பு. நான்காம் நாள் கன்ட்ரோலர் தரையில் விழும் சத்தம் கேட்டு ஓடிவந்தேன்.

"இனிமே உன்கூட ஆடவே மாட்டேன் போ" என்று சின்னவள் அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நான் பட்டனை அமுக்கினா அது கேட்கவே மாட்டேங்குது தாத்தா" என்றாள்.

"தோத்தவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க" என்றான் பெரியவன்.

நானும் யோசிக்காமல், "விளையாட்டுக்குப் போய் அழுவாங்களா?" என்று அவளையே கடிந்துகொண்டேன். அது முதல் தவறு. இரண்டாவது அதைவிடப் பெரியது. பேரனைத் தனியே அழைத்து, "ஒரே ஒரு ஆட்டம் விட்டுக்கொடேன்டா" என்று சொல்லிவைத்தேன். மறுநாள் அவன் அப்படியே செய்தான். திரையில் அவனுடைய வீரன் தடுக்காமல் நின்று அடி வாங்கினான். 'வெற்றி' என்று எழுத்து வந்ததும் அவள் அண்ணன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இம்முறை கன்ட்ரோலரை எறியவில்லை. சத்தமில்லாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் பாட்டியிடம் போய்விட்டாள். அதன்பின் ஒரு வாரம் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. சாப்பிடும்போதுகூட இருவரும் ஆளுக்கொரு மூலை.

அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. காரணம் பேத்தி மட்டுமல்ல. 1974-ல் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் திண்ணையில் இதே காட்சியை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு 15 வயது, என் தம்பிக்கு 11. கேரம் பலகையில் அவன் நாள்தோறும் தோற்றான். அம்மா சொன்னாள் என்று ஒருநாள் சிவப்புக் காயைக் குழியருகே வேண்டுமென்றே தவறவிட்டேன். அவன் கண்டுகொண்டான். பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனவன் பிறகு என்னோடு எந்த ஆட்டமும் ஆடியதில்லை. பாசம் குறையவில்லை, கல்யாணம் காட்சி எதுவும் நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு கதவு மட்டும் 50 ஆண்டுகள் மூடியே கிடந்தது. இங்கும் அது மூடிவிடக் கூடாது என்று தோன்றியது.

பாடம் 1: புகாரை முதலில் அளந்து பார்

சிக்னல் பிரிவில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் "சிக்னல் விழவில்லை" என்று எழுதிவைத்தால் அவரோடு வாதாட மாட்டோம். மீட்டரை எடுத்துக்கொண்டு போய் அளப்போம். பேத்தியின் புகாரை மட்டும் நான் அளக்காமலே தள்ளிவிட்டேன்.

எட்டாம் நாள் காலை அவளை அழைத்து, "நீ அமுக்கு, நான் படம் பிடிக்கிறேன்" என்றேன். என் மகளின் கைபேசியில் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வசதி உண்டு. விரலும் டி.வி.யும் ஒரே சட்டத்தில் தெரியும்படி வைத்து எடுத்தோம். பிறகு விரல் பட்டனை அழுத்திய படத்திலிருந்து திரையில் பொம்மை அசையத் தொடங்கும் படம்வரை ஒவ்வொன்றாக எண்ணினோம். 43 படங்கள்! கணக்குப் போட்டால் 179 மில்லி விநாடி.

டி.வி.க்கள் படத்தை அழகாக்கக் காட்டும் முன் சில வேலைகள் செய்கின்றன. அசைவை வழுவழுப்பாக்குவது, நிறத்தைக் கூட்டுவது போன்றவை அவை. சினிமாவுக்கு அது நல்லது. ஆட்டத்துக்கு அதனால் தாமதம் ஏற்படுகிறது. இதற்காகவே பெரும்பாலான டி.வி.க்களில் 'கேம் மோட்' என்று ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். எங்கள் டி.வி.யில் அது அணைந்திருந்தது. அதைப் போட்டு மறுபடி எண்ணினோம். 22 படங்கள், அதாவது 92 மில்லி விநாடி. தாமதம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

பேரன் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டான். "தாமதம் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே தாத்தா, அப்புறம் எப்படி நான் மட்டும் ஜெயிச்சேன்?" நல்ல கேள்வி. பதிலுக்கு இந்த ஆட்டத்தின் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடம் 2: விநாடியில் 60 பங்கு

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1987-ல் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் முதல் பாகத்தை வெளியிட்டது. 1991-ல் வந்த இரண்டாம் பாகம்தான் இருவர் அருகருகே நின்று மோதும் ஆட்டத்தை உலகெங்கும் பரப்பியது. ஆறாம் பாகம் வந்தது 2023-ல். இதில் ஒரு விநாடி 60 பிரேம்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரேம் சுமார் 17 மில்லி விநாடி. ஒவ்வொரு அடியும் கிளம்பி எதிரியைத் தொட இத்தனை பிரேம் என்று கணக்கு உண்டு.

மிக வேகமான சிறு குத்துக்கு 4 பிரேம், அதாவது 67 மில்லி விநாடி. 'டிரைவ் இம்பாக்ட்' என்ற பேரடிக்கு 26 பிரேம், 433 மில்லி விநாடி. எகிறிக் குதித்து வந்து இறங்க ஏறக்குறைய முக்கால் விநாடி.

மனிதக் கண் ஒன்றைக் கண்டு விரல் அசைய 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். இதை வைத்துப் பார்த்தால் ஆட்டத்தில் உள்ள அடிகள் இரண்டு வகையாகப் பிரிந்துவிடுகின்றன. பேரடியும் குதிப்பும் பார்த்துத் தடுக்கக்கூடியவை. சிறு குத்தைப் பார்த்துத் தடுக்க இந்த உலகத்தில் எவராலும் முடியாது.

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். பேரடியின் 433 மில்லி விநாடியில் பழைய தாமதம் 179 போனால் மிச்சம் 254. கண்ணும் விரலும் அதற்குள் வேலையை முடிக்க வேண்டும், அது விளிம்பு. கேம் மோடில் மிச்சம் 341, அது போதும். அடிப்பவன் தான் நினைத்தபோது அடிக்கிறான், அவன் எதையும் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. தடுப்பவள்தான் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டியவள். பெரியவன் எப்போதும் அடித்தான், சின்னவள் எப்போதும் தடுத்தாள். தாமதம் இருவருக்கும் ஒன்றுதான், பாதிப்பு ஒன்றல்ல.

இதைத் தாளில் எழுதிக் காட்டியதும் பேரன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தங்கையிடம் போய், "சாரி, நீ சொன்னது நிஜம்தான்" என்றான். நானும் சொன்னேன். அந்த வாரத்தில் அவள் முதன்முறையாகச் சிரித்தாள். பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியது.

பாடம் 3: டிஸ்டன்ட் சிக்னல்

தாமதம் நீங்கியதும் பேத்தி உடனே வென்றுவிடவில்லை. மறுபடி தோற்றாள். ஆனால் ஏன் தோற்கிறோம் என்று கேட்கத் தொடங்கினாள். பார்த்துத் தடுக்க முடியாத அடியை என்ன செய்வது? இங்கேதான் ரயில்வே கைகொடுத்தது.

மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் ரயில், சிவப்பைக் கண்டபின் பிரேக் போட்டால் அந்த இடத்தில் நிற்காது. ஓட்டுநரின் கண் எவ்வளவு கூர்மையானாலும் பயனில்லை. அதனால் ஸ்டேஷனின் ஹோம் சிக்னலுக்குக் குறைந்தது 1 கிலோமீட்டர் முன்னால் டிஸ்டன்ட் சிக்னல் வைக்கிறோம். வேகமான தடங்களில் 2 கிலோமீட்டரில் இன்னொன்று. அங்கே மஞ்சளைக் கண்டதுமே ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கத் தொடங்குகிறார். அவர் சிவப்புக்கு நிற்பதில்லை, சிவப்பு வரும் என்று தெரிந்து நிற்கிறார்.

"உங்க அண்ணன்கிட்டயும் டிஸ்டன்ட் சிக்னல் இருக்கும்மா, அதைத் தேடு" என்றேன். புதிய தடத்தில் போகும் ஓட்டுநர் முதலில் உடன் பயணம் செய்து தடத்தைக் கற்பார். அதேபோல் அவளும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டாள். தான் கீழே விழுந்தபின் அண்ணன் என்ன செய்கிறான் என்று 20 முறை குறித்தாள். 14 முறை குதித்து வந்தான். 4 முறை அருகே வந்து பிடித்துத் தூக்கி எறிந்தான். 2 முறை காத்திருந்தான்.

மஞ்சள் விளக்கு கிடைத்துவிட்டது. அவள் விழுந்து எழும்போதே கண் மேலே இருந்தது. அவன் குதித்ததும் சுன் லீயின் காலால் ஓர் உதை. "எப்படிடீ?" என்று அவன் கத்தியதும், அவள் நோட்டை மூடிக்கொண்டதும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. பிறகு அவனும் தன் பழக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று. அதுவரை அவன் பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தான். அன்றுமுதல் தங்கையோடு ஆடத் தொடங்கினான் என்பேன்.

பாடம் 4: பேங்கர் எஞ்சின்

இருந்தாலும் 4 வயது இடைவெளி சும்மா போகாது. முதல் வாரம் ஆடிய 40 ஆட்டங்களில் அவள் வென்றது 2. சதுரங்கத்தில் ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் குறிக்க ஒரு முறை உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் கற்பித்த ஆர்பாட் எலோ என்பவர் வகுத்தது அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றது. இருவருக்கும் ஒரே எண் என்றால் வாய்ப்பு சரிபாதி. 200 புள்ளி கூடுதல் என்றால் பலசாலிக்கு 76 சதவீதம், 400 என்றால் 91 சதவீதம். இந்தக் கணக்கில் என் பேரனுக்கும் பேத்திக்கும் இடையே சுமார் 500 புள்ளி வித்தியாசம்.

போட்டி வீடியோ கேம்கள் பலவும் இதையோ இதன் வழிவந்த முறைகளையோ வைத்துத்தான் வலைவழி ஆட்டத்தில் சமபலம் உள்ளவர்களைச் சேர்த்துவிடுகின்றன. வீட்டில் அப்படிச் சேர்க்க முடியுமா? அண்ணனுக்குத் தங்கைதான், தங்கைக்கு அண்ணன்தான்.

கசாராவிலிருந்து இகத்புரிக்கு மலை ஏறும் பாதையில் போயிருப்பீர்கள். 37 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். அங்கே ஒரு எஞ்சின் போதாது என்று கசாராவில் பேங்கர் எஞ்சின்களைப் பின்னால் சேர்த்துத் தள்ளுவார்கள். அதை யாரும் அந்த ரயிலுக்கு அவமானம் என்று சொல்வதில்லை. ஏற்றத்துக்கு ஏற்ற உதவி, எல்லாருக்கும் தெரிந்தே கொடுப்பது, மேலே போனதும் கழற்றிவிடுவது.

நான் பேரனிடம் இரகசியமாகச் செய்யச் சொன்னதும் உதவிதான். ஆனால் அது ஒளித்துச் செய்தது. ஒளித்துக் கொடுத்த வெற்றி, "நீ ஒரு ஆளே இல்லை" என்று சொல்வதற்குச் சமம். வெளிப்படையாக விதி வைத்துக் கொடுக்கும் உதவிக்கு அந்தக் கசப்பு இல்லை. கோ என்ற கிழக்காசிய ஆட்டத்தில் பலம் குறைந்தவர் 9 காய்கள்வரை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் ஒருவருக்கு 3 புலி, மற்றவருக்கு 15 ஆடு. சமம் இல்லாத பக்கங்கள்தான், ஆனால் அடுத்த ஆட்டத்தில் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். இந்த ஸ்ட்ரீட் ஃபைட்டரிலேயே 'மாடர்ன்' என்ற எளிய முறை இருக்கிறது. கடினமான விசேஷ அடியை ஒரே பட்டனில் போடலாம், ஆனால் அடியின் பலம் 20 சதவீதம் குறையும். உதவியும் உண்டு, அதற்கு விலையும் உண்டு.

மூவருமாக உட்கார்ந்து விதிகள் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினோம்.

1. வென்றவர், எந்த அடியால் வென்றோம் என்று தோற்றவருக்குக் காட்ட வேண்டும்.

2. தங்கை தொடர்ந்து 3 ஆட்டம் தோற்றால் அண்ணன் தன் பழகிய ரியூவை விட்டு, பெட்டி தேர்ந்து தரும் வீரனை வைத்து ஆட வேண்டும். இதுதான் பேங்கர். அவள் தொடர்ந்து 2 ஆட்டம் வென்றால் பேங்கர் கழற்றப்படும்.

3. வேண்டுமென்று தோற்பது கூடவே கூடாது.

4. கோபம் வந்தால் யார் வேண்டுமானாலும் "சிவப்பு" என்று சொல்லலாம். 10 நிமிடம் ஆட்டம் நிற்கும், காரணம் கேட்கக் கூடாது.

முதல் விதியைப் பேரன் விரும்பவில்லை. "என் ரகசியம் எல்லாம் போயிடும் தாத்தா" என்றான். போயிற்று. ஆனால் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபிறகுதான் பல அடிகளைத் தானே புரிந்துகொண்டான். நான்காம் விதியை அதிகம் பயன்படுத்தியவன் யார் தெரியுமா? அவனேதான். சாங்கீஃப் என்ற ரஷ்ய மல்லர் அவன் பங்குக்கு வந்த நாளில், நடக்கக்கூடத் தெரியாமல் நான்கு முறை தோற்றான். தோற்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டான்.

பலன்

அடுத்த மூன்று வாரம் கழித்து, கடைசியாக ஆடிய 40 ஆட்டங்களைக் கணக்கெடுத்தோம். பேத்தி வென்றது 13. அதில் 8 பேங்கர் உதவியோடு, 5 உதவியில்லாமல். இன்னும் அண்ணன்தான் பலசாலி. ஆனாலும் கன்ட்ரோலர் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை.

ஊருக்குப் புறப்படும் முந்தைய இரவு மூன்று ஆட்டப் பந்தயம். விதிப்படி அன்று அவளுக்குப் பேங்கர் உண்டு. அவளோ, "வேண்டாம் தாத்தா, இகத்புரி வந்தாச்சு, கழட்டிடுங்க" என்றாள். ஒன்று வென்று இரண்டு தோற்றாள். தோற்றதும் அண்ணன் தோளில் ஒரு குத்து வைத்து, "கடைசியில நீ குதிப்பேன்னு நினைச்சேன், நீ நின்னுட்ட" என்று சிரித்தாள். அவன், "நீ குறிச்சு வச்சிருப்பேன்னு தெரியும், அதான்" என்றான். நள்ளிரவுவரை இருவரும் அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். தோல்வி பிள்ளைகளை ஆட்டத்திலிருந்து விரட்டுவதில்லை. ஏன் தோற்றோம் என்று தெரியாததும், தெரிந்தும் செய்ய வழியில்லாததும்தான் விரட்டுகின்றன. சொன்னதை யாரும் நம்பாதது அதைவிட மோசம். எல்லாவற்றிலும் மோசம் பொய்யான வெற்றி. வீட்டில் பெரியவர்களாகிய நாம், "விட்டுக்கொடு" என்று சொல்லும் முன் ஒருமுறை மீட்டரை எடுத்து அளந்து பார்க்கலாம்.

பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று மாலை திருச்சியில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவன், "அப்போ அன்னிக்குச் சிவப்பை வேணும்னேதானே விட்டே அண்ணா?" என்றான். "ஆமாண்டா, தப்புதான்" என்றேன். 50 ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு சொல்.

இப்போது ஞாயிறு இரவுகளில் இருவரும் கைபேசியில் சதுரங்கம் ஆடுகிறோம். அவன் என்னைவிட நன்றாக ஆடுகிறான். அதனால் என் கடிகாரத்தில் 15 நிமிடம், அவனுடையதில் 5 என்று பேசி வைத்துக்கொண்டோம். பேங்கர் இருந்தும் பெரும்பாலும் தோற்கிறேன். ஆட்டம் முடிந்ததும் எங்கே தவறினேன் என்று அவன் பொறுமையாக விளக்குகிறான். அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று இருக்கிறது.